பச்சைத் தட்டில் இரட்டைத் தலை

பிப்ரவரி 10, திங்கள்

மார்ச் 20, காலை பதினொன்று. ஆய்வுக்குழு கூடுகிறது. என் வழிகாட்டி ஹெப்சிபா மேடம் என் மேசைக்கே வந்து சொன்னார். அறைக்குக் கூப்பிட்டால் சாதாரணச் செய்தி. மேசைக்கு வந்தால் கெட்ட செய்தி.

"செப்டம்பர்லயே கடைசி வாய்ப்புன்னு எழுதிட்டாங்க, பொற்கொடி. மூணு வருஷத்துக்கு ஒரு ரிசல்ட். ஒண்ணே ஒண்ணு. அது இல்லாம உனக்கு நாலாவது வருஷம் கேக்க எனக்கே வாய் வராது."

வாய் என்றதும் என் புழுக்களின் வாய் நினைவுக்கு வந்தது. வயிற்றின் நடுவில் இருக்கும். சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

வீட்டுப்பாடமும் கொடுத்தார். குழுவில் சதாசிவம் சார் இருக்கிறார். நெல் வேர் ஆராய்ச்சி செய்பவர், புழு என்றால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்பவர். அவருக்குப் புரியும்படி என் ஆய்வைப் பத்து வரியில் சொல்லிப் பழக வேண்டும். பழகுகிறேன்.

தட்டைப்புழு. சிறுமலை ஓடையில் கல்லுக்கடியில் பிடித்தது. விரல்நகத்தின் நீளம். இரண்டு கண், இரண்டும் மாறுகண். வெட்டினால் சாகாது. தலையை வெட்டினால் தலை வளரும். வாலை வெட்டினால் வால் வளரும். இரண்டையும் வெட்டி நடுத்துண்டை மட்டும் விட்டால், எந்த முனையில் தலை, எந்த முனையில் வால் என்று அந்தத் துண்டுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது?

பதினேழு சொன்னதாகச் சந்தேகம். பதினேழு ஒரு ஜீன். மேடம் இருபது வருடம் முன்பு ஈயில் அதைக் கெடுத்துப் பார்த்தார். முட்டைக்குள் ஈயின் பின்பக்கமே உருவாகவில்லை. எங்கள் லேபிலேயே மீன் வளர்க்கும் சேர்மராஜ் ஜீப்ரா மீனில் கெடுத்தான். வாலில்லாத மீன். ஈ, மீன், அடுத்தது புழு. மூன்றும் பிரிந்து பல கோடி வருடம் ஆகிறது. இன்னும் ஒரே ஆளிடமா வழி கேட்டுக்கொண்டிருக்கின்றன?

பத்து வரியைத் தாண்டிவிட்டது. சுருக்க வேண்டும்.

மாலையில் முதல் தீவனம். ஜீனின் வாயை அடைக்கப் புழுவுக்கு ஊசி வேண்டாம், சாப்பாட்டில் கலந்தால் போதும். கறிக்கடை பாயிடம் வாங்கிய ஆட்டு ஈரலை அரைத்து, வடிகட்டி, பதினேழை அடக்கும் ஆர்.என்.ஏ.வைச் சேர்த்து, தின்றதா இல்லையா என்று வயிற்றில் தெரிவதற்காகச் சிவப்புக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. இன்னொரு குழாயில் அதே ஈரல், ஆனால் ஜெல்லி மீனின் ஆர்.என்.ஏ. புழுவிடம் இல்லாத ஜீன், அதனால் ஒன்றும் ஆகாது. அது கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்க்க. அதற்குப் பச்சை.

சிவப்பு ஈரல் சிவப்புப் பொட்டு ஒட்டிய தட்டுக்கு. பச்சை ஈரல் பச்சைப் பொட்டுத் தட்டுக்கு. தட்டுக்கு இருபது புழு. குழாயில் பெயர் எழுதுவதில்லை. ஆல்கஹால் பட்டால் எழுத்து அழிந்துவிடும், நிறம் அழியாது. என் சொந்த ஏற்பாடு.

பிப்ரவரி 11, செவ்வாய்

சேர்மராஜ் நான்கு மணிக்கு மடிக்கணினியோடு வந்தான். செவ்வாய்தோறும் வருவான். அவனுடைய மீன் கருக்களின் படத்தில் சிவப்புச் செல் எத்தனை, பச்சை எத்தனை, இரண்டும் கலந்த மஞ்சள் எத்தனை என்று எண்ண வேண்டும். "நீ எண்ணு கொடி, எனக்குக் கண்ணு அசருது" என்பான். நான் எண்ணுவேன், அவன் எழுதுவான். மூன்று வருடமாக ஒருவனுக்குச் செவ்வாய்தோறும் கண் அசருமா?

அவனிடம் ஏலக்காய் வாசனை. இது உணர்ச்சி அல்ல, அவதானிப்பு.

பிப்ரவரி 13, வியாழன். வத்தலக்குண்டு

அக்காவுக்கு வளைகாப்பு. இரண்டாம் தீவனம் இன்றைக்கு. சேர்மராஜிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

பெரியத்தை என்னைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினார். "இவ கருவைப் பத்தித்தான் பெரிய படிப்பு படிக்கிறா. சொல்லுடி, உங்கக்காளுக்கு ஆணா பொண்ணா?"

"நான் படிக்கிறது புழு, அத்தை."

"புழுவுக்கு ஆணா பொண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுலயே."

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பில் வளையல் எல்லாம் குலுங்கியது.

அந்தச் சத்தத்தில்தான் சேர்மராஜ் அழைத்தான்.

"கொடி, இந்த ரெண்டு குழாயில எது எந்தத் தட்டுக்கு?"

"செவப்பு செவப்புக்கு. பச்சை பச்சைக்கு. இதுக்குப் போயி ஃபோனா? எல்.கே.ஜி. பிள்ளைகூட ஊட்டிரும்."

மறுமுனையில் இரண்டு குழாய்கள் இடிபடும் சத்தம். "சரி. ஊட்டிருதேன்" என்றான்.

ஊட்டிருதேன். ஏரல் ஊர்க்காரன் பேச்சு. நாள் முழுக்கக் காதில் இருந்தது. வளையல் சத்தத்தின் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

திரும்பிவிட்டேன். வயிற்று நிறம் ஒரு நாளில் கரைந்துவிடும், தட்டைத் திறந்து பார்க்கவில்லை. சேர்மராஜ், "எல்லாம் நல்லாத் தின்னுச்சு" என்றான். அவன் புழுக்களைச் சொன்னான். இன்றைய தேதிக்கு வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாம் தீவனம். நானே. புழுக்கள் ஈரலின் மேல் கவிழ்ந்து படுத்து உறிஞ்சின. வயிறு மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து நிறமேறியது. சிவப்பு மரம் இருபது. பச்சை மரம் இருபது. ஞாயிற்றுக்கிழமையில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு உதவித்தொகை தருகிறார்கள். வெளியே தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

வெட்டு. ஐஸ் கட்டியின் மேல் ஈரத்தாள், தாளின் மேல் புழு. தலை போனது, வால் போனது. நாற்பது நடுத்துண்டு.

குருவம்மாக்கா எட்டிப் பார்த்தார். எங்கள் ஈக்களுக்குச் சோளமாவும் சர்க்கரையும் போட்டுக் கஞ்சி காய்ச்சுபவர். நாற்பது பேருக்குச் சமைப்பவர்போல் நாற்பதாயிரம் ஈக்களுக்குச் சமைப்பார்.

"இத்தனையையும் அறுத்துப்புட்டு எப்படித்தா சோறு எறங்குது உனக்கு?"

"எல்லாம் திரும்ப வளந்துரும்க்கா."

"அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி வளந்துட்டா?"

அக்காவைக் குழுவில் போட வேண்டும். என் ஆய்வை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காயம் மூடிவிட்டது. இரு முனையிலும் வெள்ளையாக மொட்டு. எது எதுவாகும் என்று இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மொட்டு கூர்மையாகிறது. கண் இல்லை.

நான்கு மணி. ஐந்து கருவுக்குச் செல் எண்ணினோம். கேன்டீனில் இருந்து இரண்டு தக்காளிச் சாதம் வாங்கி வந்திருந்தான். ஒன்று புதினாச் சாதமாக இருந்தது. "மாத்திக் குடுத்துட்டான்" என்றான். முகம் சிவந்தது. புதினாவுக்கெல்லாமா ஒருவன் வெட்கப்படுவான்?

பிப்ரவரி 27, வியாழன்

கண். கண். கண்.

காலை ஒன்பதே கால். சிவப்புத் தட்டு. முதல் துண்டு. முன் முனையில் இரண்டு கரும்புள்ளி. சரி, அது தலை. தட்டைத் திருப்பினேன். பின் முனையிலும் இரண்டு கரும்புள்ளி. மாறுகண். வால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது.

இருபதில் பதினேழு. பதினேழு என்னும் ஜீனுக்குப் பதினேழு புழு. யாரோ எனக்காகத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு தலையும் எதிரெதிர்த் திசைக்கு இழுத்தன. புழு ரப்பராக நீண்டது, நகரவில்லை. பிறகு ஒரு தலை விட்டுக்கொடுத்தது.

மீன் அறைக்கு ஓடினேன். சேர்மராஜ் கையில் மீன் வலை. இழுத்து வந்தேன். அவன் குனிந்து பார்த்தான், வெகுநேரம். வலையிலிருந்து என் செருப்பில் தண்ணீர் சொட்டியது. "அடக் கொள்ளையில போவான்" என்றான். புழுவை.

குருவம்மாக்காவிடம் சொன்னேன். காவலாளியிடம் சொன்னேன். கறிக்கடை பாயிடம் சொன்னேன். "நம்ம ஈரல்தானே" என்றார். அக்காவை அழைத்து அவள் வயிற்றிடம் சொன்னேன்.

மேடத்திடம் சொன்னேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஈ, மீன், புழு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "கன்ட்ரோல்?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

நன்றாகத்தான் இருக்கும். நாளை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

பச்சைத் தட்டில் பதின்மூன்று.

மார்ச் 1, சனி

நேற்று எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

ஒன்றும் ஆகக்கூடாத தட்டில், ஜெல்லி மீன் ஈரல் தின்ற இருபது துண்டில், பதின்மூன்றுக்கு இரட்டைத் தலை. கன்ட்ரோலுக்கும் தலை முளைத்தால் பதினேழு ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். வியாழன் முழுக்க நான் கூவிக்கொண்டு திரிந்தது வெறும் ஈரலின் வேலை.

மேடத்திடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம்.

அதற்குள் வேறு ஒன்று தோன்றியது. பேருந்தில், நின்றுகொண்டிருக்கும்போது. ஏன் ஈரலாக இருக்க வேண்டும்? புழுவாக இருக்கக்கூடாதா? இதுவரை யாரும் ஆராயாத ஓடை. யாரும் வெட்டிப் பார்க்காத புழு. வெட்டினால் தானாகவே இரட்டைத் தலை முளைக்கும் இனம் சிறுமலையில் இருந்தால்? அப்படியென்றால் இது பதினேழைவிடப் பெரிய செய்தி. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன், நடந்தேன் என்று சொல்ல முடியாது, கால் தரையில் படவில்லை. புழுவுக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். இங்கே எழுதமாட்டேன், வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். ஜனவரியில் கைப்பழக்கத்துக்காக இதே ஓடைப் புழு முப்பதை வெட்டியிருக்கிறேன். தீவனமில்லை, ஆர்.என்.ஏ. இல்லை. முப்பதுக்கும் ஒற்றைத் தலை. என் கையெழுத்து. அடியில் ஒரு சிரிக்கும் முகம்கூட வரைந்திருக்கிறேன்.

இனம் அழிந்தது. ஆயுட்காலம் ஒரு நாள்.

அப்படியென்றால் பச்சைத் தட்டுக்குள் பதினேழை அடக்கும் மருந்து எப்படியோ போயிருக்கிறது. முதல் தீவனம் நான். மூன்றாவது நான்.

மார்ச் 3, திங்கள்

மேடம் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை வருவார். நிம்மதியாக இருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

சேர்மராஜிடம் பச்சைத் தட்டைக் காட்டினேன். எதுவும் கேட்கவில்லை, காட்டினேன். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. "மீனுக்குத் தண்ணி மாத்தணும்" என்று போய்விட்டான். திங்கட்கிழமை தண்ணீர் மாற்றுவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நான்கு மணி. வரவில்லை. ஐந்தரைவரை மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன், வேறு வேலைக்காக.

மார்ச் 5, புதன்

குருவம்மாக்கா கஞ்சியை ஆறவிட்டுக்கொண்டே கேட்டார். "நீ வளைகாப்புக்குப் போயிருந்தீல்ல, அன்னைக்கு அந்தத் தம்பிக்கு மேலுக்கு முடியலயாத்தா?"

"ஏன்க்கா?"

"ரெண்டு டியூபையும் கையில வச்சுக்கிட்டு சன்னலுக்கும் மேசைக்குமா நடந்துக்கிட்டே இருந்துச்சு. வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. என்னப்பான்னேன். ஒண்ணுமில்லக்கான்னுருச்சு. எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருக்கமாட்டேனா, இது செவப்பு, இது பச்சைன்னு?"

கஞ்சியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தக்காளிச் சாதம். புதினாச் சாதம்.

செவ்வாய்க்கிழமைகள்.

மூன்று வருடம். ஒரு வருடத்துக்கு ஐம்பது என்றால் நூற்றைம்பது செவ்வாய். நூற்றைம்பது முறை அவன் வந்தது என் இரண்டு கண்ணுக்காக. கண்ணுக்காக என்றால், கவிதையில் வருகிற அர்த்தத்தில் இல்லை.

மார்ச் 6, வியாழன்

நான் போவதற்கு முன் அவனே வந்தான். கை கழுவும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டான், எந்நேரமும் ஓடிவிடத் தயாராக.

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணு போலதான் இருக்கும், கொடி. சின்னதுலேர்ந்து. ஈரல்ல கலந்தா ரெண்டுமே கருப்பட்டிப் பாகுதான் எனக்கு. பொட்டும் அப்படித்தான். ஒண்ணு கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு, அதான் பச்சைன்னு நெனச்சேன்."

"ஃபோன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எல்.கே.ஜி. பிள்ளன்னு சொன்ன பொறவா?"

தட்டு மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன், அவனே தொடர்ந்தான்.

"மேடத்துக்குத் தெரிஞ்சா என் மீன் படம் எல்லாம் சந்தேகம் ஆயிரும். மூணு வருஷப் படம். அதான் வாயத் தொறக்கல. ஆனா உன் கமிட்டி போயிரும்லா. நான் வெள்ளிக்கெழம மேடத்திட்ட சொல்லிருதேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதே நேரத்தில் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த முடியவில்லை.

"இரு. ஒரு தடவைதானே மாத்தி ஊட்டுன?"

"ஒரு தடவைதான்."

"அப்ப பச்சைத் தட்டுக்குப் பதினேழோட மருந்து ஒரே ஒரு வேளைதான் போயிருக்கு. மூணு வேளை இல்ல. ஒரு வேளை."

"ஆமா. அதான் கெட்டுப்போச்சே."

"ஒரே வேளைக்கு இருபதுல பதின்மூணு, சேர்மா."

அவன் தொட்டியை விட்டு மேசைக்கு வந்தான். நாட்காட்டியை இருவரும் ஒரே சமயத்தில் இழுத்தோம். மூன்று வேளை ஊட்டிப் பட்டினி போட்டு வெட்டினால் மார்ச் 20 கனவு. ஒரு வேளை போதுமென்றால், நாளை ஊட்டலாம். பதினொன்றாம் தேதி வெட்டலாம். அதிலிருந்து இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள். கண் முளைக்க ஏழு நாள்.

"போன தடவ நான் மாத்தி ஊட்டி ஏழு நாள் கழிச்சுல்லா வெட்டுன? இப்ப நாலு நாள்தான். மருந்து வேல செய்யுமா?" என்றான்.

தெரியாது. தெரியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அழுதிருக்க வேண்டிய இடம். என் உடம்பில் எங்கோ முன்பக்கமும் பின்பக்கமும் குழம்பிவிட்டன.

மார்ச் 7, வெள்ளி

மேடத்தின் அறை வாசல். யார் முதலில் என்று தகராறு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்து தோள் இடித்துக்கொண்டோம்.

சேர்மராஜ் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் படத்துல செல்லு எண்ணுனது யாரு?"

"கொடி, மேடம்."

"எந்த மீனுக்கு என்ன குடுத்தோம்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். நம்பர் மட்டும்தான்."

"அப்ப எந்த ஆசையும் இல்லாம எண்ணியிருக்கா. இந்த லேப்லயே சுத்தமான டேட்டா உன்னோடதுதான். மொதல் வருஷமே சொல்லியிருந்தா அந்தச் செவப்பை ஊதா கலந்த மெஜந்தாவா மாத்தியிருப்போம். கம்ப்யூட்டர்ல ரெண்டு கிளிக். முட்டாப்பய."

மேடம் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. சேர்மராஜுக்குப் பட்டம் கிடைத்ததுபோல் முகம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவனுக்குக் கண்ணு தெரியல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"கன்ட்ரோல் நல்லா இருக்குன்னு போன வாரம் வியாழக்கெழம சொன்னியே. நீ ஏன் பாக்கல?"

சந்தோஷத்தில் என்று சொல்லத் தோன்றியது. அது உண்மை. அதனால் சொல்லவில்லை. "பொய் சொன்னேன், மேடம்" என்றேன். மூன்று வார்த்தை. மூன்று வருடத்தில் நான் கொடுத்த முதல் சரியான ரிசல்ட்.

"கமிட்டியில இதையும் சேத்துச் சொல்லணும். மொதல்ல இதைச் சொல்லணும்."

"சரி மேடம்."

"போ, ஊட்டு."

ஊட்டினேன். ஒரு தட்டில் பெரிய வட்டம், ஒரு தட்டில் பெரிய முக்கோணம். குழாய்களிலும். சேர்மராஜ் உரக்கப் படித்தான், நான் ஊற்றினேன். வட்டம் கன்ட்ரோல். முக்கோணம் பதினேழு. கோயில் அறிவிப்புபோல் மூன்று முறை படித்தான். ஐந்தாவது மேசைவரை கேட்டது.

மார்ச் 11, செவ்வாய்

வெட்டு. நாற்பது துண்டு. தட்டின் அடையாளத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் முன் படித்தேன்.

மார்ச் 13, வியாழன்

முக்கோணத்தில் இரண்டு துண்டு கரைந்துபோயின. பதினெட்டு. பயந்து குளிர்சாதனத்தை ஒரு டிகிரி ஏற்றினேன். மறுபடி பயந்து இறக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டு மணிக்கே வந்தேன். சேர்மராஜ் ஏற்கெனவே வந்திருந்தான். மீனுக்கு என்றான். மீன் அறைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் நுண்ணோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். மொட்டு மட்டும். ஆளுக்கு மூன்று இட்லி. உலகத்தில் வேறு எந்த மனிதருக்கும் இந்த முப்பத்தெட்டுத் துண்டு பற்றிக் கவலை இல்லை என்பது சட்டென்று தாங்க முடியாத சிரிப்பைத் தந்தது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்காமல் அவனும் சிரித்தான்.

மார்ச் 18, செவ்வாய்

வட்டம், முக்கோணம் இரண்டிலும் முன் கண் வந்துவிட்டது. பின் முனையில் ஒன்றுமில்லை. முக்கோணத்தில்கூட. ஏழு நாள் ஆகிவிட்டது.

கூட்டத்துக்கான படங்களை அடுக்கினேன். முதல் பக்கம்: நான் செய்த தவறு. இரண்டாம் பக்கம்: காலி. கண் வந்தால் நிரப்பலாம்.

நான்கு மணி. மடிக்கணினியோடு வந்தான். எல்லாப் படமும் மெஜந்தாவும் பச்சையுமாக மாறியிருந்தது. கலந்த இடம் வெள்ளை.

"இப்ப உனக்கே எல்லாம் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப எதுக்கு வந்த?"

யோசித்தான். காதைச் சொறிந்தான்.

"செவ்வாக்கெழமல்லா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான்கு கரு எண்ணினோம். அவன் முப்பத்தொன்று என்றான், நான் முப்பது என்றேன். மறுபடி எண்ணினோம். முப்பத்தொன்றுதான். எனக்குக் கண் அசந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

மாலை மூன்று. முக்கோணம். ஒரு துண்டின் பின் முனையில் தூசி. தண்ணீரை ஊதினேன். தூசி போகவில்லை.

இன்னும் இரண்டில் அதே தூசி. கண் என்று சொல்லமாட்டேன். இந்த முறை முதலில் வட்டத்தைப் பார்த்தேன். இருபதையும், ஒவ்வொன்றாக, இரண்டு முறை. தூசி இல்லை.

மூன்று போதாது. பதினெட்டில் மூன்று என்றால் சதாசிவம் சார் தற்செயல் என்பார். நானும் அதையே சொல்வேன்.

மார்ச் 20, வியாழன்

காலை எட்டரை. எண்ணினேன். சேர்மராஜை எண்ணச் சொன்னேன், எது எந்தத் தட்டு என்று சொல்லாமல், வட்டத்தையும் முக்கோணத்தையும் தாள் ஒட்டி மறைத்து. அவன் எழுதிக் கொடுத்த தாளைக் கழிவறைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். மேசையில் பிரிக்கத் தைரியமில்லை.

ஒரு தட்டு, இருபதில் பூஜ்யம். ஒரு தட்டு, பதினெட்டில் பதினொன்று.

என்னுடையதும் அதே.

கழிவறையில் குதித்தேன். பக்கத்துக் கதவுக்குப் பின்னால் இருந்து யாரோ, "ஏங்க, ஒண்ணும் பிரச்னை இல்லையே?" என்றார்கள். பின்பக்கம் கண் வந்துவிட்டது என்றேன். அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தை நிரப்ப நேரமில்லை. நுண்ணோக்கியையே தூக்கிக்கொண்டோம். நான் தட்டுகள், சேர்மராஜ் நுண்ணோக்கி, குருவம்மாக்கா எக்ஸ்டென்ஷன் ஒயர். மாடிப்படியில் சேர்மராஜ் என்னைப் பார்த்து, "ஓடாத, சிந்திரும்" என்று மூன்று முறை சொன்னான்.

பதினொன்று. குழுவில் மூன்று பேர், ஓரத்தில் மேடம். முதல் பக்கத்தைப் போட்டேன். தீவனம் மாறியதைச் சொன்னேன், நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதது என் தவறு என்றேன். கன்ட்ரோலைப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னதைச் சொன்னேன். சதாசிவம் சார் பேனாவை மூடி வைத்தார்.

"இதை நீ சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது, சார்."

"ரெண்டாவது பக்கம் காலியா இருக்கு?"

"அது இங்க இருக்கு, சார்" என்று நுண்ணோக்கியைக் காட்டினேன்.

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்துவந்தார். குனிந்தார். முதலில் வட்டத்தைக் காட்டினேன். இருபதையும் பார்க்கச் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு முக்கோணம்.

வெகுநேரம் எழவில்லை. மற்ற இருவரும் பின்னால் வந்து நின்றார்கள், பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல் எட்டி எட்டி.

"இதுல பழைய தலை எது?"

"ரெண்டுமே புதுசு, சார். பழசை வெட்டியாச்சு."

"அப்ப முன்பக்கம் எது?"

"அதுக்கே தெரியல, சார்."

சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை. முதுகு குலுங்கியது.

"சார், அந்தப் படிவத்துல கையெழுத்து" என்றார் மேடம்.

"இரும்மா. ஒண்ணு திரும்புது."

காத்திருந்தோம். மின்விசிறிச் சத்தம். கதவிடுக்கில் சேர்மராஜின் ஒரு கண், அதற்குக் கீழே குருவம்மாக்காவின் ஒரு கண். சதாசிவம் சார் கண்ணை எடுக்காமலே, தட்டை விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே, சாவகாசமாகக் கேட்டார்.

"நாலாவது வருஷம் என்ன பண்ணப் போற?"

மூன்று வருடத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரித்திருந்தேன். இதற்கு மட்டும் தயாரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்தேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார், முடிவில்லாமல்.

"தெரியல, சார்" என்றேன். வாயெல்லாம் பல்.